'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' நாவலில் வாசகர்கள் ஏன் இரண்டாகப் பிரிகிறார்கள்?

கேள்வி: பென் ஆரனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' நாவலைச் சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் கதை எங்கெங்கோ அலைகிறது என்கிறார்கள். துப்பறியும் கதைகளை விரும்பும் ஒருவர் இதை வாசிக்கலாமா?

கொண்டாடுபவர்களில் நானும் ஒருத்தி. அதற்காக, குறை சொல்பவர்கள் ஒழுங்காக வாசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் தடுக்கி விழும் இடம் உண்மையாகவே புத்தகத்தில் இருக்கிறது.

2011இல் வெளிவந்த, துப்பறிதலும் மந்திரமும் கலந்த நாவல் இது. அமெரிக்கப் பதிப்புக்கு 'மிட்நைட் ரயட்' என்று பெயர். லண்டன் கோவென்ட் கார்டனில், பனிக்கால இரவொன்றில், தலை துண்டிக்கப்பட்ட ஒரு பிணம் கிடக்கிறது. காவலுக்கு நிறுத்தப்பட்ட இளம் காவலர் பீட்டர் கிராண்ட்டிடம் ஒரு சாட்சி தானாக வந்து பேசுகிறார். அவர் இறந்து நூறாண்டுக்கு மேலாகிறது. பீட்டர் ஓடவில்லை, குறிப்பேட்டை எடுத்து வாக்குமூலம் வாங்கத் தொடங்குகிறான். என்னை வளைத்துப் போட்டது இந்த இடம்தான். மந்திரம் கற்றுக்கொண்ட பிறகும் அவன் போலீஸ்காரனாகவே இருக்கிறான். மந்திரம் பிரயோகித்தால் கைப்பேசியின் சில்லு ஏன் பொடியாகிறது என்று சோதனை செய்து பார்க்கிறான்.

இனி அந்தக் குறைக்கு வருகிறேன். நாவலில் இரண்டு கதைகள் ஓடுகின்றன: ஒன்று தொடர் கொலைகள், மற்றது தேம்ஸ் நதித் தெய்வங்களின் எல்லைத் தகராறு. கொலைகளுக்குப் பின்னால் இருப்பது 'பஞ்ச் அண்ட் ஜூடி' பொம்மலாட்டம். (கொலைகளின் போக்கை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

ஆட்டத்தின் நாயகன் பஞ்ச் தன் குழந்தையை வீசி எறிவான், மனைவியைக் கம்பால் அடித்துக் கொல்வான், பிடிக்க வரும் காவலரையும் அடிப்பான், கடைசியில் தூக்கிலிட வந்தவனையே ஏமாற்றித் தூக்கில் மாட்டிவிடுவான். பிரிட்டனில் கடற்கரைகளில் குழந்தைகள் இதைப் பார்த்துச் சிரித்தே வளர்ந்திருக்கிறார்கள். இதன் முன்னோடியான இத்தாலியப் பொம்மலாட்டம் ஒன்றைக் கோவென்ட் கார்டனில் பார்த்ததாக 1662 மே மாதத்திலேயே லண்டன் அரசு அதிகாரி சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நாவலின் கொலைகள் இந்த ஆட்டத்தின் வரிசையிலேயே நடப்பதால், அது தெரிந்தவருக்கு அடுத்து யாருக்கு ஆபத்து என்ற பதற்றம் பக்கத்துக்குப் பக்கம் ஏறும். தெரியாதவருக்குத் தொடர்பில்லாத சம்பவங்களாகத்தான் தோன்றும். கதை அலைகிறது என்ற குறையில் பெரும்பங்கு இங்கிருந்துதான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

நதிக் கதையை வெட்டியிருக்கலாம் என்பவர்களோடு மட்டும் எனக்கு உடன்பாடே இல்லை. 1858 கோடையில் கழிவுநீர் நாற்றம் லண்டனையே திணறடித்தபோது, பழைய நதித் தெய்வமான தேம்ஸ் கிழவர் நகரத்தைக் கைவிட்டு டெடிங்டன் என்ற இடத்தைத் தாண்டி ஆற்றின் மேற்பகுதிக்குப் போய்விடுகிறார். காலியான இடத்துக்குப் பிற்காலத்தில் வருபவர் நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பெண். சாக நினைத்து ஆற்றில் குதித்தவர், தேம்ஸ் அம்மாவாகிறார். இன்று சாக்கடைகளாக நிலத்தடியில் ஓடும் ஃப்ளீட், டைபர்ன் போன்ற கிளையாறுகள் அவருடைய மகள்கள். கைவிட்டுப் போனவருக்கு உரிமையா, வந்து தாங்கியவருக்கு உரிமையா? சியரா லியோனிலிருந்து வந்த தாய்க்கு லண்டனில் பிறந்த பீட்டர் இந்த வழக்கில் நடுவராக நிற்கிறான். கொலைக் கதையை மறந்த பிறகும் எனக்குள் நிலைத்திருப்பது இந்தப் பகுதிதான். இதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு சுமாரான திகில் கதை.

நான் ஒப்புக்கொள்ளும் குறைகளும் உண்டு. அறிமுகமாகும் பெண்களையெல்லாம் பீட்டரின் கண் முதலில் உடலால்தான் அளக்கிறது. பல பெண் வாசகர்களைப் போல எனக்கும் அது எரிச்சலூட்டியது. முடிவுப் பகுதியில் மந்திரத்தின் விதிகள் அவசரத்தில் குழம்புகின்றன. கட்டடக்கலை பற்றிய விளக்கங்கள் எனக்குப் பிடித்தவை, ஆனால் துரத்தலின் நடுவே அவை வந்து நிற்கும்போது சலிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

குற்றவாளி யார் என்ற புதிரை நீங்களே அவிழ்த்துப் பார்க்கும் சுகத்துக்காக மட்டும் வாசிப்பவர் என்றால் இது ஏமாற்றும். ஒரு நகரத்தை அதன் தெருக்களோடும் ஆறுகளோடும் அறிய ஆசை இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். பஞ்ச் அண்ட் ஜூடி ஆட்டத்தை ஒரு முறை காணொளியில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஆங்கிலம் கேட்டுப் பழகியவராக இருந்தால் கோப்னா ஹோல்ட்புரூக்-ஸ்மித் வாசித்த ஒலிப்புத்தகமே என் முதல் பரிந்துரை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அவர் தரும் குரலில் லண்டனின் பல பேச்சு வழக்குகள் தனித்தனியாகக் கேட்கும்.