உதட்டுப் பிளவு சிகிச்சைக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டு மாதம் ஆகிறது. உதடும், வாயின் மேற்கூரையான அண்ணமும் பிளவுபட்டுப் பிறந்தாள். ஒரே ஆபரேஷனில் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு மாதச் செலவுக்கான அவசரகால நிதி வைத்திருக்கிறேன். அதை எடுத்து, போதாததற்குத் தனிநபர் கடனும் வாங்கி, எல்லாச் சிகிச்சையையும் சீக்கிரம் முடித்துவிட நினைக்கிறேன். பால் கொடுப்பதிலேயே நாள் போய்விடுவதால் மனைவி வேலையை விடலாமா என்று யோசிக்கிறாள். உறவினர்களிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மகள் பிறந்ததற்கு முதலில் வாழ்த்துகள். இந்தப் பதற்றத்தில் அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கடன் வேண்டாம். பணத்தைக் கொட்டினாலும் இந்தச் சிகிச்சையைச் சீக்கிரம் முடிக்க முடியாது, குழந்தை வளர வளரத்தான் அடுத்தடுத்த கட்டம் வரும். உதட்டைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள். அண்ணத்துக்கு 9 முதல் 18 மாதத்துக்குள். பேசத் தொடங்கும் வயதில் பேச்சுப் பயிற்சி தேவைப்படலாம். நடுக்காதில் நீர் தேங்குவது இந்தக் குழந்தைகளிடம் சகஜம் என்பதால் காதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். பிளவு ஈறுவரை போயிருந்தால், 8 வயதுக்கு மேல், கோரைப்பல் முளைப்பதற்கு முன் அங்கே எலும்பு வைப்பார்கள். அப்புறம் பல்லுக்கு கிளிப். தாடை, மூக்குக்கான அறுவை சிகிச்சை சிலருக்குத்தான் தேவைப்படும், அதுவும் வளர்ச்சி முடிந்த பிறகு.

ஆக, இது பதினெட்டு வருடத்துக்குப் பரவிய செலவு, அதில் பெரும்பகுதி எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியும். டாக்டரிடம் உட்கார்ந்து ஒரு கால அட்டவணை எழுதி வாங்குங்கள். அடுத்த ஒன்றரை வருடத்துக்கான பணம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். ஈறு எலும்புக்கும் கிளிப்புக்கும் மாதாமாதம் தொடர் வைப்பில் ஒரு தொகை போடுங்கள். அவசரகால நிதியைத் தொட வேண்டாம். ஆபரேஷன் முடிந்த வாரங்களில் சம்பளம் குறைந்தால் அதுதான் வீட்டை ஓட்டும். சம்பாதிக்கும் உங்கள் பெயரில் டெர்ம் காப்பீடு இல்லையென்றால் இந்த மாதமே எடுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனாலும் சிகிச்சை பாதியில் நிற்கக் கூடாது.

மருத்துவக் காப்பீட்டில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். பாலிசியில் மூன்று இடங்களைப் படியுங்கள்: பிறவிக் குறைபாடு பற்றிய விதி, காத்திருப்புக் காலம், புதிதாகப் பிறந்த குழந்தையைச் சேர்ப்பதற்கான கெடு. கெடு தாண்டியிருந்தாலும் எழுதிக் கேளுங்கள். பிறகு டாக்டரின் கடிதம். 'அழகுக்கான அறுவை சிகிச்சை' என்று காரணம் காட்டி கிளெய்மைத் தள்ளிவிடுவது உண்டு. உண்மையில் அண்ணம் திறந்திருந்தால் குழந்தையால் பாலை உறிஞ்ச முடியாது, பால் மூக்கு வழியே வரும், பேச்சும் மூக்கால் வரும். 'உண்பதற்கும் பேசுவதற்கும் தேவையான சீரமைப்பு அறுவை சிகிச்சை' என்று கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள்.

இலவச உதவி கேட்கத் தயங்காதீர்கள். 1982-ல் தொடங்கிய ஆபரேஷன் ஸ்மைல், 1999-ல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் என்ற இரண்டு தொண்டு நிறுவனங்களும் பல நாடுகளில் இலவசமாக இந்த அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்கின்றன. உங்களுக்கு எட்டும் தூரத்தில் இவற்றோடு சேர்ந்து இயங்கும் மருத்துவமனை உண்டா என்று கேளுங்கள். பேச்சுப் பயிற்சிக்கும் உதவி கிடைக்குமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள், தொடர்ந்து கைப்பணத்தைக் கரைப்பது அதுவும் போக்குவரத்தும்தான்.

மனைவி ராஜினாமா செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் நீண்ட விடுப்போ பகுதிநேர வேலையோ கேட்கட்டும். அழுத்தினால் பால் வரும் மென்மையான பாட்டில் இந்தக் குழந்தைகளுக்கென்றே இருக்கிறது. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, அவள் விழுங்கும் வேகத்துக்கு மெல்ல அழுத்த வேண்டும். நர்ஸ் ஒருமுறை காட்டினால் நீங்களும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். எடை ஒழுங்காக ஏறினால்தான் ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்கும் என்பதால், இப்போதைக்கு முதல் செலவு இந்த பாட்டில்தான்.

அதற்காகவாவது உறவினர்களிடம் சொல்லுங்கள். உலகில் சுமார் 700 குழந்தைகளில் ஒருவர் இப்படிப் பிறக்கிறார். உதடும் அண்ணமும் கூடுவது கர்ப்பத்தின் முதல் சில வாரங்களில். அந்த நேரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. மரபணுவும் வேறு பல காரணங்களும் சேர்ந்து நடப்பது இது, பெரும்பாலும் இன்னதுதான் காரணம் என்று சுட்டிக்காட்ட முடியாது. யாராவது உங்கள் மனைவியைக் குறை சொன்னால், மனைவியைப் பதில் சொல்ல விடாதீர்கள், நீங்கள் சொல்லுங்கள். 'ஏதாவது உதவி வேணுமா' என்று கேட்பவரிடம் குறிப்பாக ஒரு வேலையைக் கொடுங்கள்: சித்தப்பா மருத்துவமனைக்கு வண்டி ஓட்டட்டும், அத்தை இரவில் ஒரு வேளைப் பால் கொடுக்கட்டும். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இரண்டு வாரம் வீட்டில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கும்படி இப்போதே பேசி வையுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, இதே சிகிச்சையில் இருக்கும் வேறு பெற்றோரை அறிமுகப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். எந்தச் செலவு உண்மையில் வந்தது, எது வரவே இல்லை என்பதை அவர்கள் என்னைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள். அட்டவணை கைக்கு வந்ததும் அதையும் உங்கள் பாலிசி நகலையும் அனுப்பி வையுங்கள், மாதம் எவ்வளவு ஒதுக்கலாம் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.