நீட் தேர்வுக்குப் படிப்பவர் வீடியோ கேமை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

புதுச்சேரியில் பிளஸ் டூ படிக்கிறேன், ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் சேர ஆசை, செல்போன் கேமையும் விட முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம், விளையாடும் நேரத்தை மாற்றுங்கள்.

ஜிப்மர் தனியாக நடத்திவந்த எம்.பி.பி.எஸ். நுழைவுத் தேர்வு 2020 முதல் இல்லை; நீட்தான் வழி. 2025-இல் அது பிற்பகல் 2 முதல் 5 மணி வரை நடந்தது. 180 நிமிடத்தில் 180 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 கழியும். சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கும் நேரம் அது! ஆகவே ஞாயிறு பிற்பகலை மாதிரித் தேர்வுக்கே ஒதுக்குங்கள், போன் அம்மாவிடம் இருக்கட்டும்.

விளையாட்டு அதற்குப் பிறகு. பப்ஜி வகை ஆட்டம் ஒன்றே அரை மணி நேரம் வரை இழுக்கும். பத்து நிமிடம் என்று உட்கார்ந்தால் பாதியில் எழ மனம் வராது, கூட்டாளிகளும் விடமாட்டார்கள். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் என்று எண்ணிக்கையில் வரம்பு வையுங்கள். மாலையில் வாகனம் ஓடாத கடற்கரைச் சாலையில் ஒரு நடை போவதும் ஓய்வுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் கேம் கூடவே கூடாது. தோற்ற எரிச்சலில் இன்னொன்று, இன்னும் ஒன்று என்று நள்ளிரவாகிவிடும்.