மாத்திரை, யோகா, திட்டு, வேலை: மனச்சிதைவு பத்தி வந்த கேள்விகள்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) இருக்கறவங்களோட வீட்டுல கூட இருக்கறவங்க எழுதினது.

கேள்வி: தங்கச்சி ஆறு மாசமா யோகா பண்றா, நல்லா இருக்கா. மாத்திரையை விட்டுடலாமா?

வேண்டாம். யோகா மாத்திரையோட சேத்துப் பண்றது, மாத்திரைக்கு பதிலா இல்ல. டாக்டர்கிட்ட கேக்காம நிறுத்தாதீங்க.

கேள்வி: மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து உடம்பு போட்டுக்கிட்டே போகுது. என்ன டயட்?

எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை கிலோ ஏறிச்சு, ஒண்ணுமே எழுதாம டயட் மட்டும் கேட்டா நான் என்னத்த சொல்றது? இந்த நோய்க்குத் தர்ற ஓலன்சபைன், குளோசபைன் மாத்திரை ரெண்டும் எடையை நல்லாவே ஏத்தும். இந்த நோய் இருக்கறவங்களுக்கு ஆயுசு ஒரு 10, 15 வருஷம் குறையுது, அதுல பெரிய பங்கு இதய நோய்க்கு. அதனால சுகர், கொழுப்பு, பிபி, இடுப்பளவு நாலையும் பாக்கச் சொல்லி நீங்களே கேளுங்க. வாரத்துக்கு 90 நிமிஷமாவது வேக நடை, கூட ஒருத்தர் நடந்தாதான் அது தொடரும். மாத்திரையை மாத்தலாமான்னு கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

கேள்வி: மகனுக்கு 26 வயசு. குரல் கேக்கறது நின்னுடுச்சு, ஆனா மத்தியானம் வரைக்கும் படுத்திருக்கான், குளிக்கறதில்ல. சோம்பேறி ஆயிட்டான். திட்டினாதான் எந்திரிக்கறான்.

இந்த "சோம்பேறி"ங்கற வார்த்தையைப் படிக்காத மாசமே எனக்கு இல்ல, ஒவ்வொரு தடவையும் வயிறு எரியுது. அது சோம்பல் இல்லம்மா, நோய். குரல், சந்தேகம் எல்லாம் பெரும்பாலும் மாத்திரைக்கு அடங்கும், ஆனா ஒண்ணுலயும் பிடிப்பு இல்லாம போறது, பேச்சு குறையறது, இதையெல்லாம் நெகடிவ் அறிகுறிகள்னு சொல்வாங்க, இது மாத்திரைக்கு அவ்வளவா கேக்காது. மருந்து டோஸ் ஜாஸ்தியா, மனச்சோர்வும் சேந்திருக்கான்னும் டாக்டர் பாக்கணும்.

ஜார்ஜ் பிரவுன்ங்கற சமூகவியல் ஆய்வாளரோட குழு லண்டன்ல பண்ணி 1972ல வெளியிட்ட ஆய்வுல, குத்தம் சொல்றதும் வெறுப்பைக் காட்டறதும், இல்லன்னா அளவுக்கு மீறி பொத்தி வளக்கறதும் இருந்த வீடுகளுக்குத் திரும்பினவங்கள்ல பாதிக்கு மேல 9 மாசத்துல மறுபடி நோய்ல விழுந்தாங்க, மத்த வீடுகள்ல ஆறுல ஒருத்தர்தான். நோய் உங்களால வரல, அதை மனசுல போட்டுக்காதீங்க, ஆனா திரும்ப வராம பாத்துக்கறதுல உங்க வாய்க்கும் பங்கு இருக்கு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா "குளி குளி"ன்னு கத்தறதை நிறுத்திட்டு, சுடுதண்ணி விளாவி வச்சு, துண்டையும் மடிச்ச சட்டையையும் பாத்ரூம் கதவுல போட்டு, "தண்ணி ரெடிப்பா"ன்னு ஒரே தடவை சொல்லிட்டு நகந்துடுவாங்க. முதல் வாரம் பூரா தண்ணி ஆறித்தான் போச்சு. மூணாவது வாரம் பையன் முகம் மட்டும் கழுவிட்டு சட்டையை மாத்திட்டு வந்தான், அந்தம்மா அதுக்கே "இந்த சட்டை உனக்கு நல்லா இருக்கு"ன்னாங்க. அப்படித்தான் ஆரம்பிக்கணும்.

கேள்வி: குரல் கேக்குதுன்னா "யாரும் இல்ல"ன்னு வாதாடலாமா?

வாதாடாதீங்க, ஆமாவும் போடாதீங்க. "எனக்கு கேக்கல, ஆனா உனக்கு பயமா இருக்குன்னு புரியுது"ன்னு சொல்லிட்டு பக்கத்துல உக்காருங்க.

கேள்வி: குளோசபைன் சாப்பிடற அண்ணன் போன வாரம் சிகரெட்டை விட்டார். இப்ப ஒரே தூக்கம், எச்சில் வழியுது.

இதை எனக்கு எழுதிட்டு காத்திருக்கக் கூடாது, இப்பவே டாக்டரைக் கூப்பிடுங்க. சிகரெட் புகை இந்த மருந்தை கல்லீரல்ல சீக்கிரம் கரைக்க வைக்கும், புகை நின்னா ரத்தத்துல மருந்து ஒண்ணரை, ரெண்டு மடங்கு கூட ஏறிடலாம். சிகரெட்டுக்கு பதிலா நிகோடின் கம் மென்னாலும் இதேதான், காரணம் புகை, நிகோடின் இல்ல. டோஸைக் குறைக்கறது டாக்டர் வேலை, நீங்களா நிறுத்தாதீங்க. அவரைத் திரும்ப சிகரெட் பிடிக்கவும் சொல்லாதீங்க.

கேள்வி: முழுசா குணமாகாம வேலைக்குப் போகக்கூடாதுன்னு மாமா சொல்றார்.

மாமா சொல்றது தப்பு. பிடிச்ச வேலைல முதல்ல சேத்துவிட்டு, அப்புறமும் கூடவே ஒருத்தர் தாங்கிப் பிடிக்கற முறைலதான் நிறைய பேர் வேலை பாக்கறாங்க. பகுதி நேரமா ஆரம்பிக்கட்டும். எந்த ஷிப்ட்னு எழுதாம விட்டுட்டீங்க, நைட் ஷிப்ட்னா வேண்டாம், தூக்கம் கெட்டா நோய் திரும்ப தலை தூக்கும்.