மனித உரிமை இன்டர்ன்ஷிப்: எந்தத் தலைப்பை எடுப்பது?

கேள்வி: காரைக்குடியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். மதுரையில் ஓர் அறக்கட்டளை, தென்மாவட்ட மனித உரிமை நிலவரம் பற்றிய ஆய்வுக்குக் கோடையில் எட்டு வார இன்டர்ன்ஷிப் தருகிறது. சம்பளம் கிடையாது. விண்ணப்பத்தோடு ஒரு பக்க ஆய்வுக் குறிப்பும் கேட்கிறார்கள். சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம் என்பதால் கண்டதேவி கோயில் தேர்ப் பிரச்சினையை எடுக்கலாம் என்று இருக்கிறேன். அப்பாவோ, "நாம இந்த ஊர்லதான் குடியிருக்கணும்" என்கிறார். போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். கண்டதேவியை மட்டும் விட்டுவிடுங்கள்.

அது நான்கு நாட்டார்களுக்கு (நாடு எனப்படும் ஊர்த் தொகுதிகளின் தலைவர்களுக்கு) கோயிலில் தரப்படும் மரியாதை, பட்டியல் சாதியினரின் வடம் பிடிக்கும் உரிமை, பல சுற்று நீதிமன்ற உத்தரவுகள் என்று வளர்ந்த விவகாரம். பல வருடம் ஓடாமல் நின்ற தேர் 2024 ஜூனில்தான் ஓடியது. எட்டு வாரத்தில் அதன் தீர்ப்புகளைக்கூட முழுதாகப் படித்து முடிக்க முடியாது. அப்பாவின் பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நம் பக்கம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி, "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். அதற்குப் பதில் சொன்ன நிமிடமே, உங்களிடம் எதைப் பேசலாம், எதை மறைக்கலாம் என்று எதிரில் இருப்பவர் முடிவு செய்துவிடுவார். இன்டர்ன்ஷிப் முடிந்ததும் அறக்கட்டளை அடுத்த வேலைக்குப் போய்விடும், உங்கள் வீட்டார் அங்கேயேதான் இருப்பார்கள்.

மனித உரிமை ஆய்வு என்றதும் சம்பவ இடத்துக்கு ஓடும் உண்மை அறியும் குழுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அந்த வேலையை அனுபவசாலிகள்தான் செய்ய வேண்டும். மாணவர்களுக்குப் பெரும்பாலும் மேசை வேலைதான்: தீர்ப்புகளைப் படிப்பது, பழைய செய்தித்தாள் புரட்டுவது, அட்டவணை போடுவது. சலிப்பாகத் தெரியும், ஆனால் அறிக்கை நிற்பது அதன் மேல்தான்.

நீங்கள் வரலாறு படிப்பதால் எனக்குத் தோன்றுவது இது. 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது, குடை, செருப்பு கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூச்சூடக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. 1931 ஜூனில் அது பதினொன்று ஆனது. அந்தக் கால மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் இரண்டு பட்டியலையும் பதிவு செய்திருக்கிறார். இரண்டாவது பட்டியலில் பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது, மிராசுதாரர்களின் மாடுதான் மேய்க்க வேண்டும் என்றெல்லாம் வருகிறது. உடையில் தொடங்கியது ஆறே மாதத்தில் உழைப்புக்கும் பள்ளிக்கும் ஏன் தாவியது? உங்கள் ஒரு பக்கத்துக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

சிவகங்கை மாவட்டம் 1985-இல்தான் பிரிந்தது. அதனால் பழைய ஆவணங்களை ராமநாதபுரம் என்ற பெயரில் தேடுங்கள். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அதற்கு அடித்தளமான சேகரிப்பே உங்களுக்குப் பக்கத்துக் கோட்டையூரில் இருந்து போனதுதான்.

இன்றைய விஷயம்தான் வேண்டும் என்றால், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்பு விதிகளை (1995) எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்கிறது விதி. சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் நிஜமாக எத்தனை முறை கூடியது, என்ன பேசினார்கள்? ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு) போட்டால் தெரியும். கட்டணம் பத்து ரூபாய், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் பதிலுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. மழுப்பலாக வந்தால் மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒரு மாதம் போகும், அதற்குள் உங்கள் எட்டு வாரமும் ஓடிவிடும். சேரும் முன்பே மனுவைத் தபாலில் சேர்த்துவிடுங்கள். அறக்கட்டளை ஒப்புக்கொண்டால் தொடர்பு முகவரியாக அவர்களுடையதையே கொடுங்கள், வீட்டு முகவரி வேண்டாம்.

அப்புறம், அறக்கட்டளையையும் கொஞ்சம் விசாரியுங்கள். தன்னார்வ அமைப்புகளுக்கான மத்திய அரசின் தர்பண் தளத்தில் பதிவு இருக்கிறதா, வழிகாட்டி யார், நீங்கள் சேகரித்த தகவல் யாரிடம் இருக்கும், அறிக்கையில் உங்கள் பெயர் வருமா? சம்பளம் இல்லை என்றாலும் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்டர்ன்ஷிப்புக்கு உங்களிடமே பணம் கேட்டால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

யாரையாவது பேட்டி எடுக்க நேர்ந்தால், எதற்காக என்று சொல்லிச் சம்மதம் வாங்காமல் போனில் பதிவு செய்யாதீர்கள். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 72-ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டமும் இதையே சொல்கிறது. நண்பர்கள் வாட்ஸாப் குழுவில் "சும்மா" பகிர்ந்தாலும் சிக்கல்தான்.

அப்பா ஒரேயடியாக மறுத்தால், தேசிய மனித உரிமை ஆணையம் மாணவர்களுக்கு நடத்தும் இரண்டு வார இணையவழிப் பயிற்சி இருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம். அதற்கு முன், வழிகாட்டியாக இருக்கப்போகிறவரிடம் அப்பாவை ஒருமுறை போனில் பேச வையுங்கள். பேச மாட்டேன் என்கிற இடமாக இருந்தால் நீங்களும் சேர வேண்டாம்.