வெண்பா, ஆசிரியப்பா, ஹைக்கூ, புதுக்கவிதை: எப்படி வேறுபடுத்துவது?

ஏதோ போட்டிக்குக் கவிதை அனுப்பப் போகிறீர்கள். ‘வகை’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று விழிக்கிறீர்கள். அப்படித்தானே? நானும் அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

நான்கு அடி எழுதி, தலையில் ‘நேரிசை வெண்பா’ என்று கொட்டை எழுத்தில் போட்டு ஓர் இதழுக்கு அனுப்பினேன். இரண்டாம் அடியின் முடிவில் தனிச்சொல், ஈற்றடியில் மூன்று சீர் (அசைகளால் ஆன துண்டு), கடைசிச் சீர் ‘மலர்’ வாய்பாட்டில். எல்லாம் சரி என்று நினைப்பு. திரும்பி வந்த தாளில் ‘கண்ணீர் வந்தது’ என்ற இடத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் ‘தளை தட்டுகிறது’; அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு விதிப்படி இணையவில்லை. வேறு ஒரு சொல் கிடையாது. இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு உட்கார்ந்து அலகிட்டேன், அதாவது சீர்களை அசை அசையாகப் பிரித்துப் பார்த்தேன். ஒற்றை விட்டு எண்ணினால் ஓரெழுத்து அசை நேர், குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை நிரை. கண்/ணீர்: நேர் நேர், தேமா. வந்/தது: நேர் நிரை, கூவிளம். வெண்பாவில் மாச்சீரை (நேரில் முடியும் ஈரசைச் சீர்) அடுத்து நிரை வர வேண்டும். விளத்துக்கும் (நிரையில் முடியும் ஈரசைச் சீர்) காய்க்கும் (நேரில் முடியும் மூவசைச் சீர்) பின் நேர். நான் மாவுக்குப் பின் நேரை வைத்திருந்தேன். அது ஆசிரியத்தளை. ‘வழிந்தது’ என்று மாற்றினேன்: வழிந்/தது, நிரை நிரை. அதுவும் விளச்சீர்தான் என்பதால் அடுத்த சீரைத் தொட வேண்டியிருக்கவில்லை. கண்ணீருக்கு ஏற்ற வினையும் அதுதான். இலக்கணம் இடித்துச் சொல்லும்வரை எனக்கு அது தோன்றவில்லையே என்பதுதான் வெட்கம்.

இதே வரி ஆசிரியப்பாவில் இருந்திருந்தால் ‘வந்தது’ தப்பித்திருக்கும். ஆசிரியப்பாவுக்குரிய அகவலோசை கொஞ்சம் தாராளமானது. பேச்சைப் போல் நீண்டு போகலாம், பெரும்பாலும் ‘ஏ’ என்று முடியும். மரபின் மற்ற இரண்டு பாக்களான கலிப்பாவும் வஞ்சிப்பாவும் நான் முயன்றதில்லை, அதனால் அளக்கவில்லை.

மூன்று வரியாக உடைத்ததெல்லாம் ஹைக்கூ ஆகாது. ஜப்பானிய மொழியில் 5-7-5 என்பது ஒலிக்கணக்கு. தமிழில் எழுத்தை எண்ணிப் போட்டால் அது வராது. இரண்டு காட்சிகளுக்கு நடுவே ஒரு வெட்டு இருக்க வேண்டும், அதைக் கவிஞர் விளக்கக் கூடாது. பாரதியார் 1916இலேயே இந்த வடிவத்தைப் பற்றி எழுதிவிட்டார். நாம்தான் இன்னும் மூன்றாம் வரியில் நீதி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உடனே ‘மரபுக்காரன் வந்துவிட்டான்’ என்று கிளம்பாதீர்கள். நான் அதிகம் எழுதுவது புதுக்கவிதைதான். அங்கே தளை இல்லை. ஆனால் வரியை ஏன் இங்கே உடைத்தாய் என்று கேட்டால் தொல்காப்பியத்தைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். யாப்பு தெரியும் என்று உறவினர்களிடம் மூச்சு விடாதீர்கள். “நாலு வரிதானே” என்று ஒரு வாழ்த்துப்பா வாங்கிப் போனவர், அச்சில் கீழே தன் பெயரைப் போட்டுக்கொண்டார். போன வாரம் மறுபடியும் அழைத்தார். நேரமில்லை என்றேன். “அப்படியானால் ஹைக்கூவே போதும், மூன்று வரிதானே” என்கிறார்.