வெடிப்பைத் தாங்கும் கட்டடம்: மகளின் விருப்பத்தைத் தடுக்க வேண்டாம்

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த தங்கள் மகள், வெடிப்பு ஏற்பட்டால் கான்கிரீட் கட்டடம் என்ன ஆகும் என்பதைப் படிக்க ஆசைப்படுகிறாள் என்றும், பெண் பிள்ளைக்கு இது ஆபத்தான துறையோ, வேலை கிடைக்குமோ என்றும் கவலைப்பட்டிருந்தீர்கள். இது வெடிபொருளைக் கையாளும் தொழில் அன்று. உள்ளே இருப்பவர்கள் உயிர் பிழைக்கக் கணக்குப் போடும் தொழில். 1991 மே 7 அன்று சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்ததைத் தாங்களும் அறிவீர்கள். தங்கள் ஊர்ப்பக்கத்துச் செம்பனை ஆலையின் கொதிகலன் அருகே எப்படிப்பட்ட சுவர் எழுப்ப வேண்டும் என்பதும் ஏறத்தாழ இதே வகைக் கேள்விதான்.

அவள் மனம் ஏன் இதில் நிலைத்தது என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. காற்று கட்டடத்தைப் பல விநாடிகள் தள்ளும்; வெடிப்பின் அழுத்த அலையோ சில மில்லிவிநாடிகளில் உச்சத்தைத் தொட்டு அடங்கிவிடும். அலை சுவரில் நேராக மோதித் திரும்பும்போது அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. சுவருக்குள் பாயும் அமுக்க அலை பின்முகத்தை அடைந்ததும் இழுவிசையாகத் திரும்புகிறது. கான்கிரீட்டின் இழுவலிமை அதன் அமுக்க வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே என்பதால், வெடிப்பு நேராகத் தொடாத அறைப்பக்கத்திலிருந்தே சில்லுகள் பெயர்ந்து தெறிக்கின்றன. தூரமே பெரிய காவல்: வெடிபொருளின் எடை எட்டு மடங்கானாலும், கட்டடம் இரண்டு மடங்கு தள்ளி நின்றால் உச்ச அழுத்தம் கூடுவதில்லை.

இத்துறையின் உயிர்நாடியான பாடத்தை 1995 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த துயரம் கற்பித்தது. மர்ரா என்ற ஒன்பது மாடி அரசுக் கட்டடத்தின் முன்புறம் லாரிக்குண்டு வெடித்து 168 பேர் இறந்தார்கள். வெடிப்பு நேரடியாக நொறுக்கியது ஒரு தூணைத்தான். பக்கத்துத் தூண்கள் இரண்டு, குறுக்காகத் துண்டிக்கும் வெட்டுவிசையால் முறிந்தன. மேல்மாடித் தூண்களைச் சுமந்த மூன்றாம் மாடிப் பெருவிட்டம் அதனால் தாங்கலை இழந்து, அதன் மேலிருந்த மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. பெரும்பாலான உயிர்களைப் பறித்தது அந்தச் சரிவே. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றி வளையக் கம்பிகளை நெருக்கமாகக் கட்டியிருந்தால், கான்கிரீட் உடைந்தாலும் தூண் சட்டென முறியாமல் வளைந்து சுமையைத் தாங்கும். நிலநடுக்கப் பகுதிகளில் கம்பி கட்டும் இந்த முறை சரிவைப் பெரிதும் குறைத்திருக்கும் என்றே ஆய்வு செய்த பொறியாளர்கள் முடிவு கூறினார்கள். கட்டுமான இடத்தில் யாரும் பெரிதாக எண்ணாத, வளையக் கம்பிகளுக்கு இடையிலான அந்த இடைவெளி பல குடும்பங்களின் தலைவிதியாகிறது என்பதை அவளிடம் சொல்லுங்கள், அம்மா.

இனி வழிக்கு வருவோம். இளங்கலை நிலையில் 'வெடிப்புப் பொறியியல்' என்ற பெயரில் பட்டம் தேடி அலைய வேண்டாம். முதலில் சிவில் பொறியியல், அதில் கட்டமைப்புப் பிரிவு, பின்னர் முதுகலையில் இந்தத் தனித்துறை. இதுவே நான் பரிந்துரைக்கும் வரிசை. கூடுதல் கணிதமும் இயற்பியலும் நன்றாக இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்புகளான மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம். வழியாகப் போகட்டும், புள்ளிகள் சற்றுக் குறைந்தால் ஈப்போவிலுள்ள உங்கு ஒமார் பொலிடெக்னிக்கில் சிவில் டிப்ளோமா இருக்கிறது. பட்டப்படிப்புக்கு நிபோங் தெபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் தூரமில்லை. எங்கே சேர்ந்தாலும், அந்தப் பட்டத்தை மலேசியப் பொறியியலாளர் வாரியம் ஏற்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன் உறுதி செய்யுங்கள்; பல குடும்பங்கள் கோட்டைவிடும் இடம் அதுதான்.

வேலையைப் பொறுத்தவரை, கட்டமைப்பு ஆலோசனை நிறுவனங்கள் எப்போதும் உண்டு. கெர்த்தே, பெங்கெராங் போன்ற இடங்களின் எண்ணெய், எரிவாயு ஆலைகளுக்கு வெடிப்பைத் தாங்கும் கட்டுப்பாட்டு அறைகளை வடிவமைக்க இந்த அறிவு கட்டாயம் வேண்டும். தற்காப்புத் துறையில் ஆராய்ச்சிக்கும் இடமுண்டு. இந்தச் சிறப்புத் துறையில் மட்டும் காலியிடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அடிப்படைச் சிவில் பட்டம் கையில் இருப்பதால் அவள் வெறுங்கையோடு நிற்க மாட்டாள். தேர்வு முடிவு வந்ததும், கூடுதல் கணிதத்திலும் இயற்பியலிலும் அவள் பெற்ற நிலைகளைத் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். எந்த விண்ணப்பத்தை முதலில் நிரப்புவது என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்வோம்.