அரக்குத் தட்டுகளும் இருந்தால் எந்த டர்ன்டேபிள்?

அப்பாவின் எல்பிகளோடு (வினைல் இசைத்தட்டுகளோடு) பத்துப் பன்னிரண்டு 78 வேக அரக்குத் தட்டுகளும் (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டுகளும்) இருப்பதாக எழுதியிருப்பதால், நீங்கள் கேட்ட ஆடியோ டெக்னிகா எல்பி60எக்ஸ் டர்ன்டேபிள் போதாது. அது 33⅓, 45 ஆகிய வேகங்களில் மட்டுமே சுழலும். விலை கூடுதலானாலும், மூன்று வேகங்களும் கொண்ட எல்பி120எக்ஸையே வாங்குங்கள்.

உங்களிடம் இப்போதுள்ள சூட்கேஸ் பிளேயரில் ஊசி துள்ளுவதாகவும் சொன்னீர்கள். அதற்கு, அதே பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கரின் அதிர்வு காரணமாக இருக்கலாம். ஒலியை நன்றாகக் குறைத்து அதே இடத்தை மீண்டும் இசைக்க விடுங்கள். துள்ளல் நின்றால் அதிர்வுதான். நிற்காவிட்டால் ரசமட்டம் வைத்து மேசையின் சரிவைப் பாருங்கள், தட்டையும் துடைத்துப் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். எல்பி120எக்ஸுடன் வரும் விஎம்95இ ஊசி எல்பியின் நுண்ணிய பள்ளத்துக்கானது. அரக்குத் தட்டின் பள்ளம் அதைவிட மிக அகலமானது என்பதால், அந்த ஊசி அடியில் உரசி இரைச்சலையே எழுப்பும். அரக்குத் தட்டை இசைக்கும்போது, அதே கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கும் பகுதியில்) 78 தட்டுகளுக்கான விஎம்என்95எஸ்பி ஊசியைச் செருகி, ஊசி தட்டை அழுத்தும் எடையை 2 கிராமிலிருந்து 5 கிராமுக்கு மாற்றுங்கள். எல்பிக்குத் திரும்பும்போது ஊசி, எடை இரண்டையும் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள். 78 ஊசியின் 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முனை அப்பாவின் எல்பிகளைக் கெடுத்துவிடும்.